பழைய பைக்கை மதிப்பிடுவது எப்படி: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வாங்குபவருக்கும் வைத்திருப்பவருக்கும்

பழைய பைக் பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: "எவ்வளவு ஓடியிருக்கு?", "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" முதல் கேள்விக்கு மீட்டரையும் இரண்டாவது கேள்விக்கு விற்பவரின் வாய்ச்சொல்லையும் நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். மீட்டரில் 21,300 கிலோமீட்டர் காட்டிய ஒரு 100 சிசி வண்டியை வாங்கி, மூன்று மாதம் கழித்து பேட்டரி மாற்றுவதற்காகப் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது, அதன் உட்புறத்தில் ஒரு பட்டறைக்காரர் ஒட்டிய ஆயில் ஸ்டிக்கர் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்த ஓட்டம் 38,400. தேதியோ நான் வாங்கியதற்கு ஓராண்டுக்கும் முந்தையது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் மெக்கானிக் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "மீட்டரை ஏன் பாத்தீங்க? மிதியைப் பாத்திருக்கணும்." பிரேக் மிதியின் வரிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்ததை வாங்கிய அன்றே நானும் பார்த்திருந்தேன், அதற்கு என்ன பொருள் என்பதுதான் அன்று தெரியவில்லை.

ஓட்டத்தையும் மைலேஜையும் ஒருவர் சொல்லக் கேட்டு ஏற்க வேண்டியதில்லை, இரண்டையும் நாமே அளந்துகொள்ளலாம் என்பதைக் காட்டவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவற்றோடு, எங்கள் கரையோரத்துக்கே உரிய மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. அது உப்பின் கணக்கு. வாங்கும் நாளில் செய்யும் சோதனைகளில் பல, வாங்கிய பின் மாதாமாதம் செய்ய வேண்டிய பராமரிப்புச் சோதனைகளும்கூட. ஆகவே ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவருக்கும் இவை பயன்படும்.

ஓட்டத்தை மீட்டருக்கு வெளியே படிப்பது

முதலில் ஒரு மனக்கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நாள்தோறும் அங்கே வேலைக்குப் போய்வந்தவர் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டியிருந்தால், அந்த ஒரு பயணத்திலேயே 15,000 கிலோமீட்டர் சேர்ந்துவிடும். ஐந்தாண்டு வண்டி என்றால் 75,000. அப்படிப்பட்டவர் வண்டியில் மீட்டர் 24,000 காட்டினால், ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடும் பழைய முள் மீட்டர்களில் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் மீட்டர் ஓடாமல் கிடப்பது மிகச் சாதாரணம். மீட்டரையே மொத்தமாக மாற்றியவர்களும் உண்டு. டிஜிட்டல் மீட்டரில் எண்ணை மாற்ற முடியாது என்பதும் தவறான நம்பிக்கை. காரணம் எதுவாயினும், விற்பவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே போய் வந்தார், வீட்டில் வேறு வண்டி உண்டா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால், மீட்டரில் உள்ள எண் பொருந்துகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, கைகாலும் சாலையும் பட்டுத் தேய்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதி, கியர் லீவரின் ரப்பர், ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட், ஆக்சிலரேட்டர் பக்கத்து கிரிப், கிக்கர் ரப்பர் ஆகியவை முகம் பார்த்துப் பேசாதவை. இருபதாயிரம் ஓடிய வண்டியில் இவற்றின் வரிகள் மங்கியிருக்கும், ஆனால் விரலுக்குத் தட்டுப்படும்; வரியே இல்லாமல் பளபளத்தால் ஓட்டம் கூடுதல். ஐந்தாறு ஆண்டு வண்டியில் இவை அனைத்தும் புத்தம் புதியதாக இருந்தால் அதுவும் கேள்விக்குரியது, ஏனென்றால் விற்பதற்கு முன் இருநூறு முந்நூறு ரூபாயில் மாற்றக்கூடியவை இவைதாம். மாற்றத் தோன்றாத இடங்கள் வேறு: சாவியின் பற்கள், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறல், சீட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் கட்டைகள், கிளட்ச் லீவர் ஆணியின் ஆட்டம்.

டயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி உண்மை கிடைத்துவிடும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். 2019ஆம் ஆண்டு வண்டியில் 2022ஆம் ஆண்டின் பின்டயர் போட்டிருக்கிறது, மீட்டரோ 14,000 காட்டுகிறது என்றால், முதல் டயர் அதற்குள் எப்படித் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். டயர் வெடித்ததாகவோ ஆணி ஏறிக் கிழிந்ததாகவோ பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் டயரோடு செயின் ஸ்பிராக்கெட் செட்டும் புதிது, பிரேக் ஷூவும் புதிது என்றால், ஓட்டத்தின் அளவைப் பொருட்களே சொல்லிவிட்டன. டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை வைத்து உட்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பிரேக் பேட் படாத ஓரத்துக்கும் படும் பகுதிக்கும் இடையே படிபோல நகம் இடறினால், அந்த டிஸ்க் நிறைய ஓடியிருக்கிறது. ட்ரம் பிரேக்கில் பிரேக் ஆர்மின் அருகே ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அது ட்ரம் தட்டிலுள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தீர்ந்துவிட்டது.

காகிதச் சான்று கிடைத்தால் இவற்றை எல்லாம்விட அது மேல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால் வண்டி எண்ணை வைத்து ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் அவர்களிடம் பதிவாகியிருக்கும். உரிமையாளரை உடன் அழைத்துப்போய்க் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். வெளிப் பட்டறையில் விட்டவர் என்றால் பழைய பில்களைக் கேளுங்கள், பக்கவாட்டு மூடிகளின் உட்புறத்தையும் மறக்காமல் பாருங்கள்.

உப்பும் வெள்ளமும்

நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் விருத்தாசலத்து வண்டிக்கும், பதினைந்தாயிரம் ஓடித் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகே ஆறாண்டு திறந்த வெளியில் நின்ற வண்டிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் யோசிக்காமல் முதல் வண்டியைத்தான் எடுப்பேன். இன்ஜினின் தேய்மானத்தைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். துரு தின்ற சட்டத்தைச் சரிசெய்வது கடினம். ஆகவே எங்கள் பகுதியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி இரவில் எங்கே நின்றது என்பதுதான். வீட்டுக்குள்ளா, தகரக் கொட்டகையிலா, தெருவோரத்திலா, கடலிலிருந்து எத்தனை தெரு தள்ளி?

டேங்கின் மேற்பக்கப் பாலிஷைப் பார்த்து மயங்காமல், குந்தி உட்கார்ந்து வண்டியின் அடிப்பக்கத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சைலன்சரின் அடிவயிறு, இன்ஜினிலிருந்து வரும் பெண்டு பைப் சைலன்சரோடு சேரும் இடம், சென்டர் ஸ்டாண்டும் அதன் ஸ்பிரிங்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் செயின் பக்கம், டேங்கின் அடியில் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு, சீட்டைக் கழற்றினால் தெரியும் சட்டத்தின் பற்றவைப்புகள், ஸ்போக்ஸ் சக்கரமானால் ஸ்போக்ஸ் ரிம்மில் நுழையும் நிப்பிள்கள். மேலோட்டமான செந்துரு இங்கே எல்லா வண்டிக்கும் உண்டு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் செதில் செதிலாக உதிரும் துருவும், பற்றவைப்பின் ஓரத்தில் மயிர்க்கோடு போலத் தெரியும் வெடிப்பும்தான் ஆபத்தானவை. முன் ஃபோர்க் குழாயின் குரோமில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால், அந்தப் புள்ளிகள் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மீண்டும் ஆயில் கசியும், குழாயையே மாற்ற வேண்டிவரும்.

வெள்ளம் தனி விஷயம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்ததும் இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த நாட்களில் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றில் முறையாகப் பிரித்துச் சுத்தம் செய்தவை நன்றாகவே ஓடுகின்றன. வெயிலில் காயவைத்து, ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டியவை பின்னர் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டுகின்றன. ஆகவே 2024 டிசம்பருக்கு முந்தைய வண்டியானால், அந்த மாதத்தின் முதல் வாரத்தில் எங்கே நின்றது என்று நேரடியாகவே கேளுங்கள்.

பதிலைச் சரிபார்க்கும் வழி இது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, பெட்டியின் அடிமூலையில் விரலை விட்டுத் துழாவுங்கள். சாலைத் தூசி விரலில் பொடியாக ஒட்டும். வெள்ளம் விட்டுப்போன வண்டல் காய்ந்த களிம்பாக, நகத்தால் சுரண்டினால் ஏடாக எழும். வயர்கள் சேரும் கப்ளர்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், பித்தளை ஊசிகளில் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு ஏறியிருப்பது இன்னொரு சான்று. உப்புக் காற்றாலும் அது வரும் என்றாலும், மேலேயுள்ள ஹெட்லைட் கப்ளர் சுத்தமாக இருந்து, தாழ்வாக உள்ள பேட்டரிப் பக்கத்துக் கப்ளர்கள் மட்டும் பச்சையாக இருந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதையே அது காட்டிவிடும். ஆயில் அளவுக்குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்ஜினைக் கேட்பது, ஓட்டிப் பார்ப்பது

வண்டியைப் பார்க்க வருவதை முன்கூட்டிச் சொல்லும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பத் தொல்லை தரும் வண்டியாக இருக்கக்கூடும். செல்ஃபில் கிளம்பினாலும் கிக்கரையும் ஒருமுறை உதைத்துப் பார்க்க வேண்டும். உதைக்கும்போது கால் எந்த எதிர்ப்புமின்றி இறங்கினால் கம்ப்ரஷன் குறைவு, அதாவது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். நன்றாக உள்ள இன்ஜின் காலைத் திருப்பித் தள்ளும்.

கிளம்பியதும் புகையைக் கவனியுங்கள். நீலம் கலந்த வெண்புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. கிளம்பும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கலாம். கரும்புகை பெட்ரோல் அதிகமாகப் போவதன் அடையாளம், செலவு குறைந்த கோளாறு. காலை நேரத்து ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரும் ஆவியைப் புகை என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். ஓசையில் மேலிருந்து வரும் சீரான "டிக் டிக்" டாப்பெட் சத்தம், எளிதில் சரியாகிவிடும். இடப்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல வந்தால் பெரும்பாலும் டைமிங் செயின். அடிவயிற்றிலிருந்து கனமாக இடிக்கும் சத்தம் கிராங்க் அல்லது கனெக்டிங் ராடின் வேலையைக் குறிக்கும், அதற்கு விலை குறைத்துக் கேட்பதைவிட வேறு வண்டி பார்ப்பது மேல். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டிகள். இவற்றில் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்து, கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. எரியவே இல்லை என்றால் கோளாற்றை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும் முன், வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். மைலேஜைப் பற்றி விற்பவர் சொல்லும் எந்த எண்ணைவிடவும் இந்த ஒரு தள்ளல் அதிகம் சொல்லும். லேசாக உருண்டு சில அடி தானே போய் நின்றால் சக்கரமும் பிரேக்கும் செயினும் தாராளமாக இருக்கின்றன. இழுத்துப் பிடித்தாற்போல நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் இறுகியிருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது, அல்லது வெறுமனே காற்றுதான் இல்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் எது என்பது தெரியும். அப்படியே செயினின் தொய்வையும் பார்த்துவிடலாம்: சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடங்களில் செயினைத் தூக்கிப் பார்க்கும்போது ஓரிடத்தில் தொங்கி இன்னோரிடத்தில் விறைப்பாக இருந்தால் செயின் சமமாக நீளவில்லை, செட்டையே மாற்ற வேண்டும். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

எங்கள் ஊர் தட்டையான ஊர். ஏற்றம் வேண்டுமென்றால் மேம்பாலத்தைத்தான் தேட வேண்டும். புதுச்சேரியில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் இதற்கு நல்ல இடம். டாப் கியரில் நாற்பதுக்குக் குறையாத வேகத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைக் கூடுதலாகத் திருகினால், இன்ஜின் சத்தத்தோடு வேகமும் உயர வேண்டும். சத்தம் மட்டும் உயர்ந்து வண்டி சோம்பினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பிறகு நேர்ச்சாலையில், பின்னால் நண்பர் ஒருவரை இன்னொரு வண்டியில் வரச்சொல்லி, இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சக்கரங்கள் விலகி ஓடினால் சட்டமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கலாம். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது சட்டத்தில் இடித்து நிற்கும் கட்டை நசுங்கியோ பெயின்ட் உதிர்ந்தோ இருந்தால் வண்டி முகம்குப்புற விழுந்த வண்டி. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோலச் சிக்கினால், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது. அது சிறிய செலவுதான்.

ஆவணங்களில், எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல்

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சேஸ் எண் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும். துருவோ பெயின்ட்டோ மறைத்திருந்தால், துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் பாருங்கள். கடன் பாக்கி, அபராதச் செலான் பாக்கி, காப்பீடு, பதிவு முடியும் தேதி ஆகியவற்றைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்காமல் இருக்கலாம். அதை நீக்கப் படிவம் 35உம் அந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து, "எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்று சொல்லும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதை ஏற்காதீர்கள், அது விற்பவருக்கும் ஆபத்தே, ஏனெனில் பெயர் மாறும்வரை விபத்துக்கும் அபராதத்துக்கும் ஆள் அவர்தான். பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், தமிழ்நாட்டில் அப்போது பசுமை வரியும் உண்டு.

கடலூர்க்காரர் புதுச்சேரி வண்டியை வாங்குவதுதான் நம் பகுதிக்கே உரிய சிக்கல். பி.ஒய். 01 எண்ணுள்ள வண்டி விலை குறைவாகத் தோன்றும். ஆனால் கடலூரில் குடியிருந்து அதை ஓட்டுபவர், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 12 மாதத்துக்கு மேல் பதிவான இடத்துக்கு வெளியே இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால், வைத்திருக்கும் மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28இன்படி தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்டி, கடலூரின் டி.என். 31 எண் பெற வேண்டும். வரி, அலைச்சல் இரண்டையும் விலையோடு கூட்டிய பிறகே அது மலிவா இல்லையா என்பது தெரியும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றும்படி விண்ணப்பித்துவிடுங்கள். முந்தைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான காப்பீட்டுத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வாங்கிய பின்: மைலேஜை அளப்பது

ஒரு லிட்டர் போட்டு, நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பது நம்மிடையே பழகிப்போன முறை. அது நம்பத்தகாதது. டேங்கின் ஓரத்தில் நூறு மில்லி தங்கிவிட்டாலே விடை பத்து விழுக்காடு பிழையாகிவிடும். நடுரோட்டில் வண்டியைத் தள்ளவும் வேண்டிவரும். டேங்க் நிரப்பி, மீண்டும் நிரப்பும் முறையே சரியானது. வழக்கமாகப் போகும் ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே குழாயில், வண்டியை ஒரே மாதிரி ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள், அல்லது மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 250 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே இடத்தில் அதே முறையில் நிரப்புங்கள். 287 கிலோமீட்டர் ஓடி 5.4 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 53. இதில் நூறு மில்லி முன்பின் ஆனாலும் பிழை இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. இப்படி மூன்று முறை எடுத்த சராசரியே உங்கள் வண்டியின் மைலேஜ். விளம்பரத்தில் உள்ள எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது, அதோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

மீட்டரே சரியாக அளக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கைபேசி வரைபடத்தில் பத்து இருபது கிலோமீட்டர் தூரம் பார்த்து ஒப்பிட்டால் போதும். கடற்கரையை ஒட்டிய சாலையில் காற்றும் கணக்கில் சேரும். கோடையில் பிற்பகலுக்கு மேல் வீசும் கடற்காற்று, புதுச்சேரியிலிருந்து தெற்கே திரும்புபவரின் நெஞ்சில் மோதும். ஆகவே போவதை மட்டும் அளக்காமல் வருவதையும் சேர்த்தே அளக்க வேண்டும். இன்னொன்று, புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதற்காகக் கடலூரிலிருந்து கன்னியக்கோவில் வரை நிரப்புவதற்கென்றே போய்வருபவர்களைப் பார்க்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் நிரப்பினால் லாபம்; அதற்கென்று தனியாகப் போனால் மிச்சம் பிடித்ததைச் சாலையிலேயே எரித்துவிடுகிறோம்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று சில திருத்தங்கள் உண்டு. வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவுவது நல்லது, ஆனால் உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீராவது ஊற்ற வேண்டும். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவது, மூடாமல் விடுவதைவிடக் கெடுதல். சைலன்சருக்கும் ஸ்டாண்டுக்கும் பழைய ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவும் வழக்கம் துருவுக்கு நல்லதுதான், ஆனால் டயரிலும் டிஸ்க்கிலும் ஒரு துளி பட்டாலும் வழுக்கும். செயினுக்கு ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் விடுவதை மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

இப்போது கிடைக்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனத்துக்குரியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் அதிகமானால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்க இருக்க, மேலே ஈரக் காற்றுக்கு இடம் கூடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டியைப் பல நாள் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். 2023க்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் குழாயும் ரப்பர் வாஷர்களும் இந்த எரிபொருளை எண்ணிச் செய்யப்படாதவையாக இருக்கலாம். சர்வீஸின்போது அவை உப்பியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

நிரப்பிய தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்ற மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். 53 கொடுத்த வண்டி அடுத்தடுத்த இரண்டு நிரப்பலில் 47க்கு இறங்கினால், கார்புரேட்டரைத் திருகச் சொல்வதற்கு முன் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். முதலில் குளிர்ந்த டயரில் காற்றழுத்தம். எவ்வளவு வேண்டும் என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய தாளில் இருக்கும், பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதல். அடுத்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையால் மெல்ல அணுகிப் பாருங்கள்; ஒன்று மட்டும் சூடு வீசினால் பிரேக் பிடித்திருக்கிறது. பிறகு செயின் தொய்வு, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பிளக்கின் முனை காவி கலந்த பழுப்பாக இருந்தால் எரிதல் சரி, கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதல், ஈரமாக ஆயில் படிந்திருந்தால் ரிங் வேலை நெருங்கிவிட்டது. இவற்றில் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போக வேண்டும்.